ஒரு நிமிடம் முந்திய அலறல்

1

இந்தக் கதை ஒரு கம்பளிச் சட்டையிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பசிபிக் கரையோர ஊரான மான்டாவில் மார்ச் மாதப் பகல். தார்ச்சாலை செருப்பைப் பிடித்து இழுக்கிற வெயில். எங்கள் தெரு மீன் வண்டிக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். கீழே அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு. மேலே, கழுத்துவரை மூடிய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. சூரை மீன் விலை கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் நெற்றி வேர்வை மீன் மேல் சொட்டியது.

"தள்ளி நில்லும்மா. ஏற்கெனவே உப்பு போட்டாச்சு" என்றார் மீன்காரர்.

அவள் குனிந்து தன்னைப் பார்த்தாள். "அய்யோ!" என்று தலைவழியாக அதை உருவி, உள்ளே போட்டிருந்த பனியனோடு வீட்டைப் பார்த்து ஓடினாள். மீனை வாங்கவில்லை.

கம்பளியைக் கழற்ற மறக்கிற ஆளும் இந்த ஊரில் உண்டா? மூன்று வாரம் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. (பொய். நன்றாகத் தூங்கினேன். ஆனால் எழுந்ததும் அதே நினைப்பு.) பிறகு எழுத உட்கார்ந்தேன். அந்தச் சட்டை உண்மை. பின்னால் வரப்போகிற நில நடுக்கமும் உண்மை. மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "பசிபிக் கடலின் அலைகள் வெள்ளி நுரை கக்கிக்கொண்டு..."

வேண்டாம். பதினோரு வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறேன். இங்கே யாரும் கடலைப் பார்ப்பதில்லை. அது இருக்கிறதா என்று காது பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது: "ஹிமேனா ஒரு பொய்க்காரி."

வேகமாக இருக்கிறது. நான் தொடர்கதை எழுதுகிற வாரப் பத்திரிகைக்கு இப்படித்தான் வேண்டும். ஆனால் அவள் சொல்வது ஒரே ஒரு பொய்தான். ஒரு பொய்க்கு இந்தப் பட்டம் அதிகம்.

மூன்றாவது நிலைத்தது:

ஹிமேனா காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை கீட்டோவில் இருந்தாள். மற்ற நேரமெல்லாம் மான்டாவில் இருந்தாள்.

கீட்டோ தலைநகரம். மலைமேல், மேகத்துக்குப் பக்கத்து வீடு. அவள் பிறந்து நாற்பது வருடம் இருந்த ஊர். ரோஜா ஏற்றுமதி செய்கிற ஒரு நிறுவனத்தில் ஆர்டர் எடுக்கும் வேலை. எந்த நாட்டுக்கு எத்தனை பெட்டி, என்ன நிறம், எந்த விமானம் என்று கணினியில் பார்க்க வேண்டும். வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் வீடு கீட்டோவில்தான் இருக்க வேண்டும். சீசனில் கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் குளிர்க் கிடங்கில் வந்து நிற்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி.

அவள் அப்பா எஃப்ராயின், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவருடைய நுரையீரலுக்கு மலைக்காற்று போதவில்லை. மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் உருளை. "கடலோரம் இறக்குங்கள்" என்றார் டாக்டர். கீட்டோ வாடகையில் பாதிக்கு மான்டாவில் பால்கனியோடு வீடு கிடைத்தது. ஹிமேனா யாரிடமும் சொல்லாமல் இறங்கிவிட்டாள்.

எட்டு மாதத்தில் குழாய் போயிற்று. அந்த உருளை இப்போது ஒரு மூலையில் நிற்கிறது. அதன் கழுத்தில்தான் கம்பளிச் சட்டை தொங்குகிறது.

தினமும் காலை ஒன்பது மணிக்குக் காணொளிக் கூட்டம். கேமராவை அணைக்கக் கூடாது. ஹிமேனா கம்பளியை மாட்டுவாள். முதுகுக்குப் பின்னால் இருக்கிற ஜன்னலையும் கடலையும் சாம்பல் திரையால் மூடுவாள். முடி பறக்கும் என்பதால் மின்விசிறியை நிறுத்துவாள். பிறகு கணினியைப் பார்த்து, மலைக்காரர்கள் குளிரில் சொல்கிற சொல்லைச் சொல்வாள்: "அச்சச்சாய்! இன்னைக்கு என்ன குளிர்!" *

* இதை வெயிலில் உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள். நாக்கே நம்பாது.

3

வீட்டுக்கார அம்மா விசென்டா. கீழ்த்தளத்தில் குடியிருந்துகொண்டு, காலையில் வாசலில் மீன் சூப் விற்பவள்.

"ஏ மலைக்காரி! மேல என்ன தங்கமா காய்ச்சுற? ரெண்டு தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு?"

"மீட்டிங்க்கா. சத்தம் உள்ள வரக்கூடாது."

"என்ன சத்தம்?"

"உங்க சத்தம்தான்."

விசென்டா கரண்டியோடு இடுப்பில் கை வைத்தாள். "என் தொண்டையை நம்பித்தான் இந்தத் தெருவே முழிக்குது. இங்க பாரு ராசாத்தி, பெரிய நடுக்கத்தன்னைக்கு நிலை கோணிக்கிட்டு, கதவு திறக்காம எத்தனை பேரு... சரி, விடு. ஆடுனா முதல்ல கதவு. அப்புறம் ஆளு. அப்புறந்தான் சாமி. பகல்ல தாழ் போடாத."

"எங்க ஊர்லயும் ஆடும்க்கா."

"அது மலை தும்முறது. இது வேற."

பால்கனியில் தொங்கும் வலை ஊஞ்சலிலிருந்து எஃப்ராயின் குரல் வந்தது: "விசென்டா! இன்னைக்கு சூப்புல வெங்காயம் கம்மி!"

"ஓசில குடிக்கிற வாய்க்கு நியாயம் வேற!"

(இந்தப் பகுதியைச் சுருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் எட்டு மாதம் முன்பு இந்த மனிதரால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததில்லை. இருக்கட்டும்.)

4

மேலதிகாரி ரமிரோவில்தான் தடுக்கி விழுந்தேன்.

முதல் பிரதியில், "ரமிரோ பாம்பைப் போலச் சிரித்தபடி..." என்று எழுதி, அங்கேயே நிறுத்தினேன். எத்தனை தொடரில் இந்தப் பாம்பைச் சிரிக்க வைத்திருக்கிறேன்! அதோடு, அதிகாரி கெட்டவன் என்றால் அவனிடம் சொல்கிற பொய்க்குப் பாரமே இருக்காது. வாசகர் கைதட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்.

ஆகவே அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். ரமிரோ நல்லவர். எல்லோரும் அவரை "இன்ஜினியர்" என்றுதான் கூப்பிடுவார்கள். தினமும் கூட்டம் தொடங்குமுன், "ஹிமேனா, அப்பாவுக்கு மூச்சு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பார். அவள் சொல்கிற பதிலில் அந்த ஒன்று மட்டும் முழு உண்மை: "தேவலை, இன்ஜினியர்."

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தார்.

"மேலிடத்துல ஒரு பேச்சு வந்துச்சு. யாரோ ஊர் மாறிட்டாங்க, விதியை மீறுறாங்கன்னு. நான் விடல. என் எட்டுப் பேரும் கீட்டோவுலதான் இருக்காங்கன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். என் ஆளுங்களை எனக்குத் தெரியாதா?"

திரையில் எட்டுக் கட்டங்களில் எட்டு முகங்கள் சிரித்தன. ஒன்பதாவது கட்டத்தில் தன் முகமும் சிரிப்பதை ஹிமேனா பார்த்தாள். கம்பளிக்குள் வேர்வை முதுகில் கோடாக இறங்கியது.

சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். கூட்டம் முடிந்ததும் தனியாக ஒரு போன். 'இன்ஜினியர், நான் ஒரு தப்பு...'

மணி ஒன்பது இருபத்திரண்டு. காபிக் கோப்பை தானாக நகர்ந்தது.

5

இந்த இடத்தை ஏழு தடவை எழுதினேன்.

"ஹிமேனா துள்ளி எழுந்து ஓடினாள்." அழகாக இருக்கிறது. உண்மையாக இல்லை.

அவள் உட்கார்ந்திருந்தாள். நான்கு விநாடி. நடுக்கம் வந்த வீட்டில் நான்கு விநாடி என்பது நீளமானது. ஜன்னல் கண்ணாடி பல்லைக் கடித்தது. திரைக் கம்பி குதித்தது. ஆனால் எட்டுக் கட்டங்களில் எதுவும் அசையவில்லை. கீட்டோ அசையாமல் உட்கார்ந்திருந்தது. வாஷிங்டன் * என்ற சக ஊழியன் ரொட்டி கடித்துக்கொண்டிருந்தான். எழுந்தால் எல்லாம் போய்விடும். உட்கார்ந்திருந்தால், ஒருவேளை இது நின்றுவிட்டால்...

(அவளைத் திட்டாதீர்கள். அந்த நான்கு விநாடிக்காக அவள் தன்னைத் திட்டிக்கொண்டது போதும்.)

பால்கனியில் ஏதோ உடைந்தது. "மகளே!"

"நடுக்கம்! அப்பா, நடுக்கம்!" என்று ஹிமேனா அலறினாள். கணினியைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினாள். அப்பாவின் தோளைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தாள். மேல் தாழ்ப்பாள் வந்தது. கீழ்த் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. வெளியே படிக்கட்டில் விசென்டாவின் காலடி.

"இழுக்காத! கதவை மேல தூக்கு! தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத் தாழை எடு! நான் தள்ளுறேன்!"

கதவு திறந்தது. மூவரும் தெருவுக்கு வந்தார்கள்.

இங்கே ஒரு வழக்கம். நடுக்கம் நின்றதும் யாரும் அழ மாட்டார்கள், யாரும் சாமி கும்பிட மாட்டார்கள். பெயர் கூப்பிடுவார்கள். எங்கள் தெருவில் அது விசென்டாவின் வேலை. வீடு வீடாக, ஆள் ஆளாக. பதில் வந்த பிறகே அடுத்த பெயர். "கார்மிதா! ... ஓமர், உன் பொண்டாட்டி எங்கடா? ... ஹிமேனா! ... எஃப்ராயின்!"

"இருக்கேன்! உன் சூப்பு பானைதான் போச்சு!"

மேலே ஆளில்லாத அறையில் கணினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. சாம்பல் திரை கம்பியோடு கீழே கிடந்தது. எட்டுப் பேரும் பசிபிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலறல் கேட்டு ஒரு நிமிடமும் சில விநாடிகளும் கழிந்த பிறகு, ரமிரோவின் தலைக்கு மேல் இருந்த விளக்கு மெதுவாக ஆடத் தொடங்கியது. நடுக்கம் மலையேறி வர அவ்வளவு நேரம் ஆகியிருந்தது.

* அதுதான் பெயர். இங்கே அப்படியும் வைப்பார்கள்.

6

இந்த இடத்தில் வாசகர்களுக்குப் பிடிக்கிற ஒரு முடிவு என்னிடம் இருந்தது. ஹிமேனா ஓடிய அதே விநாடியில் வாஷிங்டனும் ரொட்டியோடு ஓடுகிறான். அவனும் திருட்டுத்தனமாகக் கடலோரத்தில் இருக்கிறான். பிறகு ரமிரோவும்! இரண்டு பக்கம் ரசித்து எழுதினேன். நானே சிரித்தேன். கிழித்துப் போட்டேன். எல்லோரும் குற்றவாளி என்றால் யாருக்கும் வலிக்காது.

இன்னொன்று, எஃப்ராயின் படியில் இறந்துபோகிற முடிவு. தொடர் தொய்ந்தால் பதினெட்டாவது வாரத்தில் ஒரு நல்ல மனிதரைக் கொல்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் இவர் தெருவில் நின்று சூப் பானைக்குத் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார். கொல்ல மனம் வரவில்லை.

எனவே, என்ன நடந்திருக்குமோ அதை மட்டும் சொல்கிறேன்.

7

இருபது நிமிடம் கழித்து ஹிமேனா மேலே வந்தாள். கூட்டம் முடிந்திருக்கும், கணினி இருண்டிருக்கும் என்று நினைத்தாள்.

எட்டுக் கட்டங்களும் இருந்தன. ஒருவரும் போகவில்லை.

"அப்பா எப்படி இருக்காரு?" என்றார் ரமிரோ.

அவள் பதில் சொல்லுமுன் எஃப்ராயினே உள்ளே வந்துவிட்டார். இரண்டு மாடிப் படியை, நடுவில் ஒரே ஒரு தடவை நின்று, தானாக ஏறி வந்திருந்தார். கேமராவுக்குள் தலையை நீட்டினார். "ஆபீஸாம்மா? வணக்கம் சார்! ஒண்ணும் ஆகல. கதவுதான் கொஞ்சம் சண்டித்தனம் பண்ணுச்சு."

இரண்டு வருடம் முன்பு நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் விருந்துக்கு அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இப்போது பின்னால் அவ்வளவு கடல் இருந்தும் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவர் மூக்கையே பார்த்தார்கள்.

ரமிரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஹிமேனா, கூட்டத்தோட பதிவு ஓடிக்கிட்டிருக்கு. குரல் மட்டும்தான் பதிவாகும், படம் இல்ல. சாயங்காலம் மேலிடத்துக்குப் போயிடும். அதனால ஒரு கேள்வி கேக்கணும்." கண்ணாடியை மாட்டினார். "இங்கயும் ஆடுச்சு. நீங்க அதுக்குத்தானே எழுந்து ஓடுனீங்க? கீட்டோவுலதானே இருக்கீங்க?"

நல்ல மனிதர். கதவை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவள் தாழை எடுத்தால் போதும்.

'ஆமாம்' என்றால் வேலை இருக்கும், பால்கனி இருக்கும், எஃப்ராயினின் மூச்சு இருக்கும். ஆனால் இதுவரை ஏமாந்து கையெழுத்திட்ட ரமிரோ, இனி தெரிந்தே கையெழுத்திட்டவர் ஆவார். அந்த அலறல் ஒரு நிமிடம் முந்தி வந்ததை மேலிடத்தில் யாராவது ஒருவர் கவனித்தால், இரண்டு பேருக்கும் வேலை போகும்.

'இல்லை' என்றால் ரமிரோ தப்புவார். அவளுக்கு வேலை போகும். கீட்டோவுக்குத் திரும்பினால் அப்பாவுக்கு மறுபடி குழாய். இங்கேயே இருந்தால், வாடகை பாதிதான், ஆனால் சம்பளம் முழுசாகப் போய்விடும்.

மீன் வண்டிக்காரரிடம் கேட்டேன். (கதை என்று சொல்லவில்லை.) "மூச்சுக்கு முன்னாடி கையெழுத்து என்னய்யா பெரிய கையெழுத்து?" என்றார். வீட்டுக்கு வந்து 'ஆமாம்' என்று எழுதினேன். ரமிரோவின் முகம் கண்ணில் வந்தது. அடித்தேன். 'இல்லை' என்று எழுதினேன். கிழவர் படியில் ஒரே ஒரு தடவை நின்று ஏறியது கண்ணில் வந்தது. அதையும் அடித்தேன்.

வாழ்நாளெல்லாம் உங்களுக்கு முடிவு எழுதிக் கொடுத்தவன் நான். இந்த ஒரு தடவை என்னால் ஆகவில்லை. நீங்கள் எழுதுங்கள். ஆனால் ஒன்று: எந்தச் சொல்லை எழுதினாலும், ரமிரோவின் முகத்தையும் எஃப்ராயினின் மூக்கையும் பார்த்துக்கொண்டே எழுத வேண்டும். அவள் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். பதிவு ஓடுகிறது.

"இன்ஜினியர்," என்றாள் ஹிமேனா, "நான்