வக்கீலுக்குப் பசிக்கவில்லை

கேரட்டை வேகவைத்து, ஆறவைத்து, பொடிப்பொடியாக நறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு ஸ்பூனோடு போய் நின்றேன். கூண்டுக் கதவு திறந்தேதான் கிடந்தது. வக்கீல் உள்ளே கம்பின்மேல் உட்கார்ந்திருந்தது. ஸ்பூனைப் பார்த்தது. போனால் போகிறதென்று ஒரு துண்டை அலகில் வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுக் கீழே நழுவவிட்டது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, லேசாகத் தொண்டையைச் செருமி, "போதும். அப்புறம் சாப்பிடறேன்" என்றது.

அது என் அக்காவின் குரல். அக்கா செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

கிளி பேசினால் ஆசையாகக் கேட்டு ரசிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்க வையுங்கள், அப்புறம் பார்க்கலாம். வீட்டின் கீழ்ப்பகுதியில் என் கடை. தைத்த துணியைத் திருத்தித் தருகிற வேலை. பேன்ட்டைக் குட்டையாக்குவது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. நான் பாட்டுக்கு மெஷினில் உட்கார்ந்திருப்பேன். மாடியிலிருந்து "அடியேய், தண்ணி கொண்டா" என்று குரல் வரும். எழுந்து படியில் பாதி ஏறிய பிறகுதான் உறைக்கும். குண்டூசி குத்திய பேன்ட்டோடு ஆள் நடுக்கடையில் நின்றுகொண்டிருப்பார். ஒன்றும் நடக்காததுபோல் இறங்கி வந்து மறுபடி உட்காருவேன். எத்தனை தடவை ஏமாந்தாலும் இந்தக் காலுக்குப் புத்தி வரவில்லை.

அக்கா படுக்கையில் விழுந்த புதிதில், அவளுக்குப் பேச்சுத் துணையாக இருக்கட்டும் என்று அத்தான் வாங்கி வந்த குஞ்சு அது. சாம்பல் நிறம், சிவப்பு வால். அப்போது இறகுகூடச் சரியாக முளைக்கவில்லை. அக்காதான் படுத்தபடியே கூழ் கரைத்து ஊட்டினாள். என்ன சொன்னாலும் தலையைச் சாய்த்து ஆட்சேபணை தெரிவிக்கிறது என்று வக்கீல் எனப் பெயர் வைத்தாள். கூழ் மறந்ததும் சூரியகாந்தி விதைக்கு வந்தது. வந்தது வந்ததுதான், அதற்கு மேல் ஒரு அடி நகரவில்லை. ஆப்பிள், பட்டாணி, கீரை, முட்டை, எது கொடுத்தாலும் அதே கதை. வாங்கும், நழுவவிடும், சுவரைப் பார்க்கும், போதும் என்று சொல்லும்.

அக்கா போன பிறகு விதையிலும் பாதியைத் தள்ள ஆரம்பித்தது. கையில் எடுத்தால் நெஞ்செலும்பு விரலில் இடித்தது.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் வந்ததும் கிரீஸ் போகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு நேரே அந்த அறைக்குத்தான் போவார். அக்காவின் கட்டிலை எடுத்தாயிற்று; அது இருந்த இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கூண்டுக்கு எதிரே உட்காருவார்.  அது செருமுகிறதா, இருமுகிறதா என்று காத்துக்கொண்டிருப்பார். அது இருமினால் இவர் முகம் மலரும்.  இருமலைக் கேட்டு மலர்கிற முகத்தை யார் பார்த்திருக்கிறீர்கள்?

"அத்தான், அது பசியில கெடக்குது. நீங்க கச்சேரி கேக்கற மாதிரி உக்காந்திருக்கீங்க" என்றேன் ஒரு நாள்.

"என்ன பண்ணச் சொல்ற? நானும் கொடுத்துப் பாத்துட்டேன். அவ சொன்ன மாதிரியே சொல்லுது."

"அதைத்தான் கேக்கறதுக்கு உக்காந்திருக்கீங்க."

 "அவ பேசினதை நான் ஒரு தடவைகூடப் பதிவு பண்ணி வெக்கலை. போட்டோதான் இருக்கு. இதுவும் போயிட்டா அவ குரலே இல்லாமப் போயிடும்" என்று சொல்லிக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

  போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அக்கா இருந்தபோது அந்தப் "போதும்" கேட்டு நான் செத்துப் பிழைத்தது போதாதா? ஒரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய் என்று கெஞ்சியதும், கெஞ்சிக் கெஞ்சிக் கோபம் வந்து ஸ்பூனை வைத்துவிட்டு எழுந்து போனதும் போதாதா? அந்தக் குரல் ஓய்ந்தால் நான் நிம்மதியாகத் தைப்பேன் என்று நினைத்தேன். உயிருள்ள ஒன்றைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று என் மேலேயே எனக்கு அருவருப்பாகவும் இருந்தது. மறுநாள் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வக்கீலைக் கூடையில் வைத்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அத்தானும் லீவு சொல்லிவிட்டு வந்தார்.

டாக்டர் பெண். பறவை வைத்தியம் மட்டும் பார்ப்பவர். அதன் அலகைத் திறந்து பார்த்தார், இறக்கையை விரித்துப் பார்த்தார், தராசில் நிறுத்தினார். முகம் சரியாக இல்லை.

"வியாதி ஒண்ணும் இல்ல. சத்துதான் இல்ல. இப்படியே போனா வலிப்பு வரும், அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். "விதையை நிறுத்திடாதீங்க, பட்டினி போட்டா ஒரேயடியாப் போயிடும். அது பக்கத்துல மத்ததைப் பழக்குங்க."

"ஊட்டித்தான் பாக்கறேன். வாயில வாங்கித் துப்புது."

"ஊட்டாதீங்க. கெஞ்சாதீங்க. நீங்க பாட்டுக்கு அது முன்னாடி உக்காந்து சாப்பிடுங்க. இதெல்லாம் கூட்டத்துல வாழற ஜாதி. எது சாப்பாடுன்னு பெரியவங்க சாப்பிடறதைப் பாத்துத்தான் கத்துக்கும். குஞ்சா இருந்தப்ப யார் சாப்பிடறதைப் பாத்து வளந்துது?"

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

சாப்பாட்டு வாசனை பட்டாலே அக்காவுக்குக் குமட்டும். வயிற்றில் ஒன்றும் இல்லாமலே ஓங்கரித்து ஓங்கரித்துக் கண்ணெல்லாம் சிவந்துபோகும். அதனால் நாங்கள் ஒளிந்து சாப்பிட்டோம். சமையலறைக் கதவைச் சாத்தி, கதவடியில் ஈரத்துண்டை அடைத்துவிட்டு, நின்றபடி அவசர அவசரமாக விழுங்குவேன். தட்டில் ஸ்பூன் படாமல் சாப்பிடக் கற்றுக்கொண்டேன். மொறுமொறுவென்று கடிக்கிற எதையும் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன். அத்தான் வேலைக்குப் போன கட்டடத்திலேயே, லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வாயை நன்றாகக் கொப்பளித்த பிறகுதான் வீட்டுப்படி ஏறுவார். சாப்பிட முடியாமல் கிடப்பவள் முன்னால் நாம் தின்பதா என்ற கூச்சமும் இருந்தது. அவளுக்குச் செய்த உதவிகளிலேயே பெரியது அதுதான் என்று இருவரும் நினைத்திருந்தோம்.

ஆக, இந்தக் கிளி பிறந்ததிலிருந்து ஒரே ஒரு ஆள் சாப்பிடுவதைத்தான் பார்த்திருக்கிறது. அவள் ஒரு வாய் வாங்குவாள், உள்ளே இறங்காமல் துணியில் துப்புவாள், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள், போதும் என்பாள். சாப்பிடுவது என்றால் அதுதான் என்று இது கற்றுக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு நான் வேறு அதே ஸ்பூனோடு போய் நின்றிருக்கிறேன். இதை அடம் என்று நான் எத்தனை திட்டு திட்டியிருப்பேன். பாவம் அது. அது ஒழுங்காகத்தான் படித்திருக்கிறது.

அன்று மாலையே சமையலறை மேஜையை அந்த அறைக்குத் தூக்கிப் போனோம். எதிரெதிரே உட்கார்ந்தோம். ரொட்டி, அவித்த முட்டை, வேகவைத்த காய்கறி, எதிலும் உப்பில்லை. பறவைக்கு ஆகாதாம். சாப்பிடத்தான் முடியவில்லை. அத்தான் வாயை மூடிக்கொண்டு, தாடை அசைவதுகூடத் தெரியாமல் மென்றார். நான் முள்கரண்டியைத் தட்டில் படாமல் வைத்தேன். இருவரும் கிசுகிசுவென்று பேசினோம். அந்த அறையில் அப்படித்தான் பழக்கம். வக்கீல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து, "போதும்" என்றது. நாங்களும் போதும் என்று எழுந்துவிட்டோம்.

தினமும் இதே கூத்து. "சத்தமா மெல்லுங்க அத்தான், திருட்டுச் சோறா திங்கறீங்க?" என்று எரிந்து விழுவேன். "நீ மட்டும் என்னவாம்?" என்பார். அவர் சொன்னதும் சரிதான். இரண்டு வருஷமாக எனக்கு ருசி என்ற ஒன்றே இல்லை. பசித்தால் வயிற்றை அடைப்பேன், அவ்வளவுதான். சந்தோஷமாகச் சாப்பிட்டுக் காட்டு என்றால் எங்கே போவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவசரமாகக் கேட்ட ஒரு கல்யாண உடுப்பைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்ததில் காலையில் எதுவும் சாப்பிடவில்லை. மதியம் தாண்டி மாடிக்கு வந்தபோது கண் இருட்டியது. அத்தான் சோளக்கதிர் வேகவைத்திருந்தார். ஆவி பறந்தது. நான் உட்காருவதற்குள் ஒன்றை எடுத்துக் கடித்தேன். சுட்டது. நாக்கை நீட்டிக்கொண்டு ஊதினேன், மறுபடி கடித்தேன். அத்தான் வாயைப் பிளந்து பார்த்தார். "இரு, எனக்கும் ஒண்ணு வை" என்று இன்னொன்றை எடுத்தார். அவர் கடித்த கடியில் சாறு தெறித்து என் கண்ணில் விழுந்தது. "லிஃப்ட்டுக்கு எண்ணெய் போடற மாதிரியா சோளம் திம்பாங்க?" என்றேன். அவர் சிரித்தார். சிரிக்கும்போது ஒரு சோள மணி மூக்கு வழியாக வரப் பார்த்தது. அதைப் பார்த்து நான் சிரித்தேன். அந்த அறையில் யாரும் அப்படிச் சத்தம் போட்டு நெடுநாள் ஆகியிருந்தது.

கூண்டில் நகம் உரசியது. நாங்கள் இருவரும் பார்க்காததுபோல் மென்றுகொண்டே இருந்தோம். வக்கீல் கம்பி வழியாக இறங்கி, மேஜை மேல் தொப்பென்று குதித்து, தட்டுகளுக்கு நடுவே நடந்து வந்தது. அத்தானின் கதிரைப் பார்த்தது. அவர் வாயைப் பார்த்தது. பிறகு ஒரு மணியைக் கொத்திப் பிடுங்கியது. நழுவவிடவில்லை. மென்றது, விழுங்கியது. இன்னொன்றைப் பிடுங்கியது. அத்தானின் கண்ணில் நீர் வழிந்தது, ஆனால் மெல்லுவதை அவர் நிறுத்தவில்லை.

அப்போது அது பேசியது. அக்காவின் குரல்தான், ஆனால் செருமல் இல்லை, களைப்பும் இல்லை. தனியாக இருப்பவர்கள் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வார்களே, அந்தத் தாழ்ந்த குரல்.

"சாப்பிடறாங்க, கேக்குது பாரு. இங்க வந்து உக்காந்து சாப்பிட்டா என்னவாம்? நான் பாத்துக்கிட்டாவது இருப்பேன்ல."

அத்தான் கதிரைக் கீழே வைத்தார். எனக்கு வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இதை அவள் எங்களிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஒரு கிளி மனப்பாடம் பண்ணும் அளவுக்கு, கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் தின்ற அத்தனை வேளையும் அதனிடம் சொல்லியிருக்கிறாள். வக்கீல் அடுத்த மணியைத் தின்றுவிட்டு மறுபடியும் அதையே சொன்னது.

இப்போது கேரட், கீரை, முட்டை, எல்லாம் தின்கிறது. எடை கூடிவிட்டது. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "இனிமே பயம் இல்ல. இப்படியே சாப்பிட்டா அம்பது வருஷம்கூட இருக்கும். உங்களுக்கு அப்புறமும் இருக்கும்" என்று எங்களுக்குக் கை கொடுத்தார். அத்தான் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

நாங்கள் சாப்பிட்டால்தான் அது சாப்பிடும். அதனால் மூன்று வேளையும் அந்த அறையில் தட்டு வைக்கிறோம். தட்டுச் சத்தம் கேட்டதும் மேஜைக்கு வந்துவிடும், வந்ததும், இங்க வந்து உக்காந்து சாப்பிட்டா என்னவாம் என்று கேட்டுவிடும். அத்தான் குனிந்துகொண்டு சாப்பிடுவார். நான் மட்டும், "வந்துட்டோம்க்கா, பாரு" என்று சொல்லிவிட்டு முதல் வாய் எடுக்கிறேன். அது தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்கிறது.