மாப்பிள்ளை ஒரு சாண் உயர்ந்தது

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்குக் கேமரா மெக்கானிக்கின் தங்கை கணவர் இரண்டு பேரானார். அப்போது அவர் எதிர்வீட்டு மொட்டைமாடியில் போர்வை உலர்த்திக்கொண்டிருந்தார். மெக்கானிக் தன் பட்டறை ஜன்னலருகே பழைய ரஷ்யக் கேமரா ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த வகைக் கேமராவின் கண்துளையில் எதுவும் முதலில் இரண்டாகத்தான் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி ஒன்றாகும், அப்போது எடுத்தால் படம் தெளிவாக விழும். இந்தக் கேமராவிலோ ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நின்று சேரவே மறுத்தன. உயரத்தைச் சரிசெய்ய முன்பக்கக் கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்ப வேண்டும். வழக்கமாகத் தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைத்தான் குறி வைப்பார். அன்று போர்வை தொட்டியை மறைத்ததால் மாப்பிள்ளையின் தலையைக் குறி வைத்து, வளையத்தைத் தப்பான பக்கம் கால் சுற்று திருப்பிவிட்டார். கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்த பிறகும் மாடியில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, கொஞ்சம் பக்கவாட்டில் விலகி, இரண்டு தலைகள் இருந்தன. கழுத்துக்குக் கீழே இருவரும் ஒருவருக்குள் ஒருவர் பதிந்திருந்தார்கள். மேலே இருந்தவரின் பாதம் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நின்றது.

"மச்சான், என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்று கீழ்த்தலை கத்தியது.

"விடுப்பா, அவர் என்ன வேணும்னா பண்ணினார்?" என்றது மேல்தலை.

திருப்பிவைக்கலாம் என்றால் வளையம் அதற்குள் இறுகிவிட்டது. உள்ளே இருந்த பழைய கிரீஸ் கல்லாகியிருந்தது. மெக்கானிக் தினமும் காலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுக் காத்திருந்தார், இரண்டு வருடம். மாப்பிள்ளைக்கு மின்சார அலுவலகத்தில் புகார் வாங்கும் வேலை. கீழ்த்தலை "நாளைக்கு வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் மேல்தலை "தப்பு எங்க மேலதான்" என்று ஒப்புக்கொண்டுவிடும். மூன்றாவது வாரமே அவரைக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். வீட்டில் முதல் நாள் கீழ்த்தலை எப்போதும்போல் பேப்பரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டது. மேல்தலை, "நல்லா இருக்கு. நீ சாப்பிட்டியா?" என்றது. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அந்தக் கேள்வி தங்கையின் காதில் விழுந்தது அன்றுதான். கரண்டியோடு சமையலறைக்குள் போய், கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றுவிட்டு வந்தாள்.

ஒரு மதியம் வளையம் இளகியது. மெக்கானிக் குரல் கொடுக்க, மூவரும் பட்டறைக்கு வந்தார்கள். வாசல் நிலையில் மேல்தலை வழக்கம்போல் இடித்துக்கொண்டது.

"சீக்கிரம் ஒண்ணாக்குங்க மச்சான், மானம் போகுது" என்றது கீழ்த்தலை. மேல்தலை தங்கையைப் பார்த்தது.

"ஒண்ணாக்கினா எது மிஞ்சும்ணே?" என்று கேட்டாள் தங்கை.

"தெரியலம்மா. கேமராவுல தெளிவா இருக்கிறது மிஞ்சும்."

அவள் யோசித்தாள். "அப்போ ஒட்ட வைக்காதீங்க. உயரத்தை மட்டும் சரி பண்ணுங்க, பாவம், தலை வீங்கிப் போச்சு. அப்புறம் பக்கவாட்டுல தள்ளி வைங்க."

"என்னைக் கேக்க மாட்டியா?" என்றது கீழ்த்தலை.

"பதினோரு வருஷம் உங்களைத்தானே கேட்டேன்?"

மெக்கானிக் வளையத்தைத் திருப்பினார். மேலிருந்தவர் மெல்ல இறங்கித் தரையில் கால் ஊன்றினார். மெக்கானிக் பக்கவாட்டுத் திருகில் சின்ன ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு, "எவ்வளவு தள்ளட்டும்?" என்றார்.

"நடுவுல நான் நடக்கிற அளவுக்கு."

அரைச் சுற்று போதுமானதாக இருந்தது. தங்கை இருவருக்கும் நடுவே தெருவில் இறங்கினாள். எதிரே வந்தவர்கள் மூன்று பேருக்கு விடுகிற வழியை விட்டு ஒதுங்கிப் போனார்கள்.