தளி போய்ச் சேரும் வரை

ரங்கம்மா குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து, சுவரில் மாட்டியிருந்த ரசம் போன கண்ணாடிக்கு முன்னால் நின்று நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டாள். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த சரோஜம்மாளின் கை அப்படியே நின்றுவிட்டது.

"அக்கா, பத்தாம் நாளு வரைக்கும் தாலி இருக்கலாம். பொட்டு எதுக்குக்கா?"

ரங்கம்மா சீப்பை எடுத்தாள், வைத்தாள். ஜன்னலுக்குப் போய்க் கண்டிக் கடைத்தெருவைப் பார்த்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. குடை பிடித்தவர்கள் சிங்களத்தில் ஏதோ பேசிக்கொண்டு போனார்கள். நேற்று இந்நேரம் அவள் புருஷன் ராமப்பனின் உடம்பு இந்த அறையில்தான் கிடந்தது. இப்போது அவர் கீழே மளிகைக் கடையில், வெள்ளைத் துணியால் வாய் கட்டிய ஒரு செப்புச் செம்புக்குள், சாம்பலாக இருந்தார்.

சிலோனுக்குப் போகலாம் என்று கிளப்பியவரே அவர்தான். பக்கத்து வீட்டுக் கோவிந்தனின் அண்ணன் சென்னகிருஷ்ணன் கண்டியில் கடை வைத்திருந்தான். ஒருமுறையாவது வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று ஊருக்கு வரும்போதெல்லாம் கூப்பிடுவான். சொந்த ஊரான தளியில் மற்றவர்கள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். ராமப்பன் மட்டும் பிடித்துக்கொண்டார். இரண்டு வருஷம் அலைந்து, தங்கள் இருவருக்கும் கோவிந்தனுக்கும் அவன் பெண்சாதி சரோஜம்மாளுக்குமாக நாலு பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்தார். உருளைக்கிழங்கும் கோசும் விளைவிக்கிற மனுஷனுக்குக் கடல் தாண்டி என்ன வேலை என்று ரங்கம்மா கேட்டபோது, வேலை இல்லாததால்தான் போகிறோம் என்றார்.

வந்த நாளிலிருந்து அவருக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கொழும்பில் கப்பல்களைப் பார்த்தார். நுவரெலியாவில் வெள்ளைக்காரனின் தோட்டத்துக்குள் கேட்காமலே நுழைந்து, அங்கே வேலை செய்துகொண்டிருந்த சேலத்துப் பெண்களிடம் என்ன எரு போடுகிறார்கள் என்று விசாரித்தார். கோவிந்தனும் சரோஜம்மாளும் முடியாமல் உட்கார்ந்துவிடுவார்கள். ரங்கம்மா மட்டும் திட்டிக்கொண்டே பின்னால் நடப்பாள்.

ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது காலையில் கண்டி ஏரிக்கரைக்குப் போனார்கள். பாதிச் சுற்று கூட வரவில்லை.

"சித்த உக்காரலாமா?" என்றார் ராமப்பன்.

கல்யாணமான நாள் முதல் அவர் தானாக உட்காரலாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கல் பெஞ்சில் உட்கார்ந்தார். மார்பைத் தடவிக்கொண்டார். தண்ணீர் கேட்டார். அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த கூஜாவை வாங்கக் கை நீட்டினார். கை பாதியில் இறங்கிவிட்டது.

பெரியாஸ்பத்திரி டாக்டர் எழுதிக்கொடுக்க வேண்டியதை எழுதிக்கொடுத்தார். உடம்பைக் கடல் தாண்டிக் கொண்டுபோக வழியில்லை என்று சென்னகிருஷ்ணன் சொன்னான். மறுநாள் மகன் இடத்தில் நின்று கோவிந்தன் கொள்ளி வைத்தான். சாயந்தரம் திரும்பி வந்தபோது அவன் கண் இரண்டும் பழுத்திருந்தன. படியிலேயே உட்கார்ந்து, ஊரில் இருக்கிற மகன் திம்மப்பனுக்குத் தந்தி கொடுத்தாக வேண்டும் என்றான். ரங்கம்மா வேண்டாம் என்றுவிட்டாள்.

இப்போது மறுபடியும் அதையே சொல்லிக்கொண்டு மேலே வந்தான். வாசலிலேயே அவள் நெற்றியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாளைக்கு உன் மகன் என் சட்டையப் புடிச்சிக் கேப்பான் அண்ணி. எங்கப்பன் செத்தத எங்கிட்ட மறைச்சியான்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"நான் வேணாம்னேன்னு சொல்லு."

"ஏன் வேணாங்கிறே? அதச் சொல்லு."

ரங்கம்மா கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டை எடுத்து மடித்தாள். பிரித்து மறுபடியும் மடித்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள். தளி தபாலாபீசுக்குத் தந்தி வந்தால், அது வீடு வந்து சேர்வதற்குள் சந்தையில் இருக்கிறவன் எல்லாம் படித்துவிடுவான். யாரோ ஒருவன் ஓடிப்போய் நிலத்தில் நிற்கிற பிள்ளையிடம் கத்திச் சொல்லுவான். அதற்கப்புறம் தாங்கள் போய்ச் சேரும் வரை அவன் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்? முகத்தைப் பார்த்து அழக்கூட ஒன்றும் இல்லையே.

"என் வாயால சொல்லணும் கோவிந்தா. பொட்டு இல்லாம பஸ்ஸவிட்டு எறங்குனா நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவனுக்குத் தெரிஞ்சிரும். அதுக்குத்தான் வச்சிருக்கேன். ஆசைப்பட்டு வைக்கல."

கோவிந்தன் திரும்பிக் கீழே இறங்கிப் போனான். சரோஜம்மாள் பெட்டியை மூடினாள். ஆனால் அவளுக்கு மனசு ஒப்பவில்லை என்பது பூட்டு பூட்டிய வேகத்தில் தெரிந்தது. அன்று ரயிலில் ரங்கம்மாவுக்குப் பக்கத்தில் உட்காராமல் எதிர்ப் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கப்பலில் ரங்கம்மாவால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இந்தப் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் போவாள். தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒன்றாகத்தான் இருந்தது. கோவிந்தன் மட்டும் செம்பு வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். தனுஷ்கோடியிலேயே கரைத்துவிட்டுப் போகலாம், புண்ணிய இடம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அதையாவது மகன் செய்யட்டும் என்றாள் அவள்.

தனுஷ்கோடியில் சுங்கத்து ஆள் பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். இளவயசு. வெயிலில் நின்று நின்று சலித்த முகம். சேலைகளைக் கிளறினார், தேயிலைப் பொட்டலங்களை முகர்ந்தார். கடைசியில் கோவிந்தனின் பையைத் திறந்தார்.

"செம்புல என்ன?"

கோவிந்தன் ரங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தான். சுங்கத்து ஆள் துணி முடிச்சில் கை வைத்தார்.

"எங்க வூட்டுக்காரருங்க" என்றாள் ரங்கம்மா.

அவர் நிமிர்ந்தார். அவள் நெற்றியையும் கழுத்தையும் பார்த்தார். கோவிந்தன் நான்காவது பாஸ்போர்ட்டையும் டாக்டர் எழுதிய தாளையும் நீட்டினான். அவர் அதை நின்ற இடத்திலேயே படித்தார். தளர்ந்திருந்த முடிச்சைத் தன் கையாலேயே இறுக்கிக் கட்டி, பையை மூடிக் கொடுத்தார்.

ரயிலில் கோவிந்தன் செம்போடு முன் பெட்டியில் ஏறிக்கொண்டான்; பெண்கள் பெட்டியில் கூட்டம் அதிகமில்லை. ராமேஸ்வரத்துக்கு வந்து திரும்பும் ஓர் அம்மாள், புதிதாகக் கல்யாணமான மகளோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். கலகலப்பான பேச்சுக்காரி. எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சிலோனுக்கு ஊர் சுற்றிப் பார்க்கப் போய்வருகிறார்கள் என்று தெரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். நீங்கள் கொடுத்து வைத்தவர், எங்கள் வீட்டுக்காரர் மதுரையைத் தாண்டிக் கூட்டிப்போனதில்லை என்றாள். உங்கள் வீட்டுக்காரர் எந்தப் பெட்டியில் இருக்கிறார் என்றாள்.

"முன்னால போறாரு" என்றாள் ரங்கம்மா.

அந்த அம்மாள் கோயிலில் வாங்கிய மல்லிகைச் சரத்தைப் பிரித்து, சரோஜம்மாளுக்குக் கொஞ்சம், ரங்கம்மாவுக்குக் கொஞ்சம் என்று நறுக்கிக் கொடுத்தாள். பிறகு குங்குமப் பொட்டலத்தை எடுத்து ரங்கம்மாவிடம் நீட்டினாள்.

"வயசுல மூத்தவுக நீங்க. இந்தப் புள்ளைக்கு உங்க கையால வச்சு விடுங்க."

மகள் எழுந்து வந்து குனிந்து நின்றாள். பதினெட்டு வயசு கூட இருக்காது. மஞ்சள் கயிறு இன்னும் பளிச்சென்று இருந்தது. சரோஜம்மாள் ரங்கம்மாவின் விரல்களையே பார்த்தாள். வண்டி பாம்பன் பாலத்தின் மேல் ஏறியது. காலுக்குக் கீழே இரும்பு தடதடவென்று அதிர்ந்தது. ரங்கம்மாவின் கை பொட்டலம் வரை போயிற்று. பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கையெல்லாம் கரி. நீ வச்சி வுடு சரோஜா."

சரோஜம்மாள் வைத்து விட்டாள். அந்தப் பெண் இருவரையும் கும்பிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். ரங்கம்மா எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூ அவள் கைக்குள்ளேயே கசங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சரோஜம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். விரல்களைப் பிரித்துப் பூவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு திருச்சியிலும் ஈரோட்டிலும் வண்டி மாறியபோதும், சேலத்திலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் வரை பஸ்ஸில் வந்தபோதும் அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இட்லியைப் பிட்டு வாயில் கொடுத்தாள். பொட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை.

தளியில் பஸ் நின்றபோது திம்மப்பன் மாட்டு வண்டியோடு காத்திருந்தான். புறப்படும்போதே சொல்லிவிட்டுப் போன நாள்தானே. வெயிலுக்குத் துண்டைத் தலையில் கட்டியிருந்தான். கோவிந்தன் இறங்கி நின்றதைப் பார்த்தான், சரோஜம்மாளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அவுரு அங்கியே தங்கிட்டாரா? எனக்குத் தெரியும்மா, லேசுல திரும்பி வரமாட்டாருன்னு."

கோவிந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரங்கம்மா அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க வூட்டுக்குப் போங்க. சாயந்தரம் வாங்க" என்றாள். மகனிடம், "வண்டியப் பூட்டு" என்றாள்.

வண்டி ஊரைத் தாண்டும் வரை அவன் பேசிக்கொண்டே வந்தான். கோசுக்குப் பெங்களூரில் நல்ல விலை, மேற்கு நிலத்துக் கிணற்றில் தண்ணீர் ஊறியிருக்கிறது, அப்பா வந்தவுடன் பார்க்க வேண்டும். ரங்கம்மா உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முட்டிபோட்டு இருந்தாள். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் நாக்குக்கு வரவில்லை. புளியமரத் திருப்பத்தில் அவன் ஏதோ கேட்கத் திரும்பினான். அவள் பையைத் திறந்து செம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு சொன்னாள். ஏரிக்கரை, கல் பெஞ்சு, உட்காரலாமா என்று அவர் கேட்டது, கை பாதியில் இறங்கியது, எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி சொன்னாள். குரல் உடையாமல் சொல்லி முடித்தாள். மாடுகள் நிற்கவில்லை. வழி தெரிந்த மாடுகள். திம்மப்பன் முன்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகை மட்டும்தான் அவளால் பார்க்க முடிந்தது.

வெகு தூரம் போன பிறகு கேட்டான்.

"நெருப்பு யாரும்மா வச்சது?"

"கோவிந்தன் சித்தப்பா."

"ஒரு தந்தி குடுத்திருந்தா..."

"குடுத்திருந்தாலும் நீ வந்து சேந்திருக்க முடியாது, சாமி."

அவன் தலையை ஆட்டினானா, வண்டி குலுங்கியதா என்று தெரியவில்லை. கயிறு கையிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர்களுடைய கோசு நிலம் வந்தது. வரப்போரம் களை எடுத்துக்கொண்டிருந்த கூலிக்காரி மாரம்மா வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"என்னா சாமி, அப்பா வந்துட்டாரா?" என்று அங்கிருந்தே கூவிக் கேட்டாள்.

திம்மப்பன் ஆமாம் என்பதுபோல் கையைத் தூக்கிக் காட்டினான். மாரம்மா சிரித்துக்கொண்டே குனிந்து களை பிடுங்கத் தொடங்கினாள்.