ஊத்தா, ஓட்டையா?

இப்போதெல்லாம் மண்ணில் கொஞ்சம் ஈரம் தெரிந்தால் போதும், சனங்கள் குங்குமத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எங்கிருந்து ஈரம், எதனால் ஈரம் என்று கேட்க நாதியில்லை. செல்போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை.

அய்யாக்கண்ணு இப்படி முனகிக்கொண்டே மண்வெட்டியோடு கரையிலிருந்து இறங்கினார். திருவரங்குளத்துக்குக் கிழக்கே, முந்திரிக்கொல்லைச் சரிவில் ஓடிவரும் மழைத் தண்ணீரை மறித்து அவர் சொந்தமாகப் போட்ட செம்மண் அணை. ஐப்பசி மழையில் தளும்ப நிறைந்துவிட்டது. இப்போது கரையின் வெளிப்புற அடியில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் கொப்பளித்தது. அதைச் சுற்றி வேப்பங்குழை, எலுமிச்சம்பழம், கை கொள்ளாத குங்குமம். எல்லாம் பக்கத்து வயல்காரி சின்னப்பிள்ளையின் வேலை. கரையை ஒட்டினாற்போல் அவள் வயல். நட்டுப் பத்து நாள் ஆன பயிர். வயலோரத்தில் வீடு. பூசைச் சொம்போடு அங்கேயே நின்றிருந்தாள்.

"சாமி ஊத்து மாமா. மூணு நாளா வருது."

"ஊத்து இல்ல, ஓட்டை. மடையத் தொறந்து பாதித் தண்ணிய வெளியேத்தப் போறேன்."

"வெளியேத்திட்டு? தை மாசம் பயிரு காயுறப்ப நீங்களும் நானும் வானத்தப் பாத்து நிக்கவா?"

"கரை போனா தை வரைக்கும் ஒன் வீடு நிக்குமா?"

முதன்முதலில் போட்ட கரை உடைந்தபோது கற்ற பாடம் ஒன்று அவரிடம் உண்டு. கசிவு தெளிந்து வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால், கரையை உள்ளிருந்தே தின்றுகொண்டு வருகிறது. அவளுடைய பூசைச் சொம்பைப் பிடுங்கி, கொப்பளித்த நீரைப் பிடித்தார். சிவப்பு.

"பாத்தியா? செம்மண்ணு!"

"நான் போட்ட குங்குமம் மாமா அது!"

விரலால் தேய்த்துப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். அவருக்கே தெரியவில்லை. அதுதான் எரிச்சல்.

மண்வெட்டியால் வேப்பங்குழையையும் குங்குமத்தையும் சேர்த்து வழித்து எறிந்தார்.

"சாமி குத்தம் வரும்!"

"வந்தா எங்கிட்ட வரச் சொல்லு."

சிவப்பெல்லாம் ஓடிப் போகும்வரை மண்வெட்டியை ஊன்றி நின்றார். சொம்பை அலசி மறுபடி பிடித்தார். அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"எளநி கணக்கா தெளிவா இருக்கு. இப்ப என்ன சொல்றீங்க?"

அவர் பயிரைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், தலைக்கு மேலே நின்ற கரையையும் பார்த்தார்.

"இப்ப தொறக்கல. பொழுது சாயறதுக்குள்ள துளி கலங்குனாலும் தொறந்துருவேன், ஒன்னைக் கேக்க மாட்டேன். நீ கும்புடு, வேணாங்கல. பூவ வையி, பழத்த வையி. கலர மட்டும் போடாத."

"குங்குமம் இல்லாம என்ன சாமி?"

"தண்ணி என்ன நெறமுன்னு தெரியாம என்ன கரை?"

சொல்லிவிட்டு நடந்தார்.

"மாமா, சொம்பு!"

"இருக்கட்டும். அடியில என்ன தங்குதுன்னு பாத்துட்டுத் தாரேன்."

ஒரு சொட்டும் சிந்தாமல், சொம்புக்குள்ளேயே கண்ணை வைத்துக்கொண்டு வரப்பில் போய்க்கொண்டிருந்தார்.