கோட்டுக்கு உள்ளே

அந்த கிரீம் நிற டாப்பை மூன்றாவது முறையாக ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். உள்ளே கையை விட்டு விரல்களை விரித்துப் பார்த்தேன். விரல் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் போய் வெயிலில் பிடித்தேன், அங்கேயும் தெரியவில்லை. கைபேசி டார்ச்சை அடித்தும் பார்த்தாகிவிட்டது. தையலைப் பிரித்துப் பார்க்காததுதான் பாக்கி. கழுத்தை நன்றாக மூடியிருந்தது, கை கிடையாது, அக்குள் பக்கம் அளவாக வெட்டி மடித்துத் தைத்திருந்தது. விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. ஒரு குறையும் அகப்படவில்லை என்று ஆனபிறகுதான் எனக்குச் சந்தேகம் வலுத்தது.

கொடுத்தவள் நெட்டை. ஆஸ்பத்திரி வரவேற்பில் ஒன்பது வருஷமாக என் பக்கத்து நாற்காலிக்காரி. என்னைவிட மூன்று வயது சின்னவள், என்னைவிட ஒரு முழம் உயரம். "அக்கா, இன்டர்வியூவுக்குக் கோட்டுக்குள்ள இதப் போட்டுக்கோங்க. எப்ப வேணா கோட்டைக் கழட்டலாம், அசிங்கமா இருக்காது" என்று சொல்லிக் காகிதப் பையை என் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனாள். நானும் பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டேன். இன்டர்வியூவில் யாராவது கோட்டைக் கழட்டுவார்களா? அது என்ன, "எப்ப வேணா கழட்டலாம்"? மூன்று பேர் முன்னால் நான் வெறுந்தோளோடு நிற்க வேண்டும் என்று இவளுக்கு என்ன வேண்டுதல்?

எனக்குச் சந்தேகக் குணம் என்று வீட்டில் சொல்வார்கள். பால் பாக்கெட்டில் தேதியைப் பார்ப்பேன், பிறகு கடைக்காரர் முகத்தையும் ஒருமுறை பார்ப்பேன். ஆனால் இந்தத் தடவை காரணம் இருந்தது. வரவேற்புக்கு ஒரு பொறுப்பாளர் போடப் போகிறார்கள். போட்டியில் இரண்டே பேர், நானும் நெட்டையும். கிடைத்தவருக்கு நிரந்தரப் பகல் வேலை. கிடைக்காதவர் ஊரின் அந்தக் கோடியில் திறக்கிற புதுக் கிளைக்குப் போக வேண்டும், அங்கே வாரத்துக்கு வாரம் பகலும் இரவுமாக ஷிஃப்ட் மாறும். என் வீட்டுக்காரர் தொலைதூர பஸ் ஓட்டுகிறவர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தாலே பெரிது. எனக்கு இரவு வேலை வருகிற நாட்களில் ஏழு வயது மகள் கீழ்வீட்டு ஆண்ட்டியிடம் படுத்துக்கொள்வாள். போன மாதம் ஒருநாள் பென்சில் சீவித் தரச் சொல்லிக் கூப்பிடும்போது என்னையே "ஆண்ட்டி" என்றுவிட்டாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், அப்புறம் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். இந்த வேலை எனக்கு வேண்டும். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

நெட்டைக்கும் வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் அப்பா படுத்த படுக்கையாகி இரண்டு வருஷம் ஆகிறது. அதனால்தான் கேட்கிறேன், அப்படிப்பட்டவள் எதிராளிக்கு எதற்குப் புதுத்துணி எடுத்துக் கொடுக்க வேண்டும்? போன வாரம் மட்டும் மூன்று தடவை ஹெச்.ஆர். அறைக்குப் போய்வந்தாள். கேட்டால் "லீவு விஷயமாக்கா" என்றாள். லீவு விஷயம் மூன்று தடவையா பேசுவார்கள்?

எல்லாவற்றுக்கும் மூலம் புதிதாக வந்த நிர்வாக மேலாளர்தான். இன்டர்வியூவுக்குக் கோட் அணிந்து வர வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டுவிட்டார். ஒன்பது வருஷமாக ஆஸ்பத்திரி கொடுத்த நீல யூனிபார்முக்குள் கையை நுழைத்துப் பழகியவர்கள் நாங்கள். கோட்டைக்கூட என் அக்காவிடம் இரவல் வாங்கிவிட்டேன். உள்ளே என்ன போடுவது? வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஒருத்தி வெள்ளைச் சட்டைதான் மரியாதை என்றாள். இன்னொருத்தி சட்டை போட்டால் பட்டன்களுக்கு நடுவே வாய் பிளக்கும், வழவழ டாப்தான் சரி என்றாள். மூன்றாமவள் வழவழப்பு விருந்துக்குப் போகிற மாதிரி இருக்கும் என்று அதையும் வெட்டினாள்.

"வெளிய தெரியாத விஷயத்துக்கு எதுக்கு இவ்ளோ மண்டையைப் போட்டு உடைச்சுக்கற?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"வெளிய தெரியாததுலதாங்க ஆளைக் கவுப்பாங்க."

"யாரு, அந்தப் பொண்ணா? போன வருஷம் உனக்கு ஜுரம் வந்தப்போ பதினோரு நாள் உன் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்தாளே."

"அப்ப பதவி இல்லீங்க" என்றேன்.

அக்காவின் கோட் எனக்குக் கையில் இறுக்கம். உள்ளே முழுக்கைச் சட்டை போட்டால் துணி முழங்கையில் மடிந்து மடிந்து, கையைத் தூக்கவே முடியவில்லை. நெட்டை கொடுத்த டாப் அதற்குள் வழுக்கிக்கொண்டு போனது, அளவு எடுத்துத் தைத்த மாதிரி. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. என் அளவு இவளுக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு எனக்கே வேலை கிடைத்தாலும் "அன்னைக்கு அவங்க போட்டிருந்தது நான் வாங்கிக் கொடுத்தது" என்று ஆஸ்பத்திரி முழுக்க ஓதமாட்டாள் என்று என்ன நிச்சயம்? கழற்றி மடித்துப் பையிலேயே வைத்துவிட்டு, என் வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு தையல்காரரிடம் போனேன்.

தையல்காரர் கோட்டைப் போட்டுக் காட்டச் சொன்னார். இரண்டு சுற்று சுற்றி வந்தார். "வெளிய தெரியப்போறது என்னம்மா? கழுத்துப்பட்டியும் நெஞ்சுக்கிட்ட ஒரு சாண் துணியும். அதை மட்டும் வெச்சுக்குவோம். கையும் முதுகும் எதுக்கு?" என்றார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. கத்தரி போட்டதும் என் சட்டை குழந்தைக்குக் கட்டுகிற பால்துணி மாதிரி ஆனது, பின்பக்கம் கட்டிக்கொள்ள இரண்டு ஜோடி நாடாவோடு. உள்பனியன் மேல் அதைக் கட்டிக் கோட்டைப் போட்டால் அசல் சட்டைதான். சட்டை இல்லை என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்பமாட்டார்கள். கையும் நன்றாக மடங்கியது. "கோட்டை மட்டும் கழட்டிடாதீங்கம்மா" என்று சிரித்தார் தையல்காரர். யார் கழட்டப் போகிறார்கள் என்று நானும் சிரித்தேன்.

இன்டர்வியூ மூன்றாம் மாடிப் பயிற்சி அறையில் நடந்தது. பத்து மணிக்கு நான், பத்தரைக்கு நெட்டை. நீளமான மேசைக்குப் பின்னால் மேலாளர், ஹெச்.ஆர். அதிகாரி, தலைமை நர்ஸ். முதல் இருபது நிமிஷம் என்னைப் பிடிக்க ஆளில்லை. கத்துகிற உறவினரை எப்படி உட்கார வைப்பது, ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் வந்தால் என்ன செய்வது, எல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. மேலாளர் தலையாட்டிக்கொண்டே வந்தார். இனி மகளைப் பள்ளிக்கூட வாசலில் நானே போய்க் கூப்பிடலாம் என்று மனசு அதற்குள் ஓடிவிட்டது.

"வாசல்ல ஒரு கார் வந்து நிக்குது" என்றார் தலைமை நர்ஸ். "உள்ள இருக்கறவரால எழுந்திருக்க முடியல. பக்கத்துல வேற ஆள் கிடையாது. என்ன செய்வீங்க?"

"சக்கர நாற்காலி கொண்டுபோய் நானே இறக்குவேன் மேடம். நிறைய தடவை செஞ்சிருக்கேன்."

"செஞ்சு காட்டுங்க."

அறை மூலையில் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஆளுயரப் பொம்மை ஒன்று நாற்காலியில் சாய்ந்து கிடந்தது. எதிரே சக்கர நாற்காலி. எழுந்தேன். "கோட்டைக் கழட்டி அங்க மாட்டிட்டு வாங்க" என்றார் அவர். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத் தலையிலிருந்து கால்வரை குப்பென்று வேர்த்தது. முதுகில் இரண்டு முடிச்சு, நடுவே அலசி அலசித் தொய்ந்த பனியன், முன்னால் ஒரு சாண் கௌரவம். இதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள்.

"பரவாயில்ல மேடம், இதோடயே செய்யறேன்."

"கஷ்டமா இருக்குமே?"

"பழக்கம்தான் மேடம்."

சக்கரத்தைப் பூட்டினேன். கால்தட்டை ஒதுக்கினேன். முட்டியை மடக்கி, பொம்மையின் அக்குளுக்கு அடியில் கையைக் கொடுத்து நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன். கல் மாதிரி கனம். பாதித் திருப்பத்தில் என் வலது அக்குள் பக்கம் டர்ரென்று சத்தம் கேட்டது. அந்த அறையில் அது கேட்காத காதே இல்லை. விடாமல் திருப்பி உட்கார வைத்தேன், காலைத் தட்டில் எடுத்து வைத்தேன், பெல்ட்டையும் போட்டுவிட்டேன். மூக்கு நுனியிலிருந்து வியர்வை பொம்மையின் மடியில் சொட்டியது.

"தூக்கின முறை நல்லா இருந்துச்சு" என்றார் தலைமை நர்ஸ். எழுந்து வந்து பொம்மையின் கன்னத்தைத் தடவினார். "ஆனா பாருங்க, உங்க கோட் பட்டன் இவர் முகத்துல தேய்ச்சுக்கிட்டே போச்சு. நிஜ ஆளா இருந்தா கீறியிருக்கும். கழட்டச் சொன்னப்ப ஏன் கழட்டல?"

"குளிருது மேடம்" என்றேன்.

மேலாளர் ஏசியை ஒருமுறை பார்த்தார், என் முகத்தை ஒருமுறை பார்த்தார். நர்ஸ் குனிந்து எழுத ஆரம்பித்தார். நல்லதை இவ்வளவு நீளமாக யாரும் எழுதமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

வெளியே நடைபாதை பெஞ்சில் நெட்டை உட்கார்ந்திருந்தாள். கோட்டைத் திறந்து விட்டிருந்தாள். உள்ளே அதே கிரீம் நிறம், அதே மூடின கழுத்து. தனக்கு எடுத்தபோது எனக்கும் ஒன்று சேர்த்து எடுத்திருக்கிறாள். அவ்வளவுதான் சங்கதி. நான் டார்ச் அடித்துத் தேடியது இதைத்தான்.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். என் கழுத்துப்பட்டியைப் பார்த்தாள். "அத நீங்க போடலையாக்கா?"

"அளவு சேரலடி."

"சேரலையா? உங்க யூனிபார்ம் நம்பர் பார்த்துதானே எடுத்தேன்" என்றாள். முகம் வாடிவிட்டது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பதினோரு நாள் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவள். இவளையா நான் ஒரு வாரமாகக் கள்ளி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்? இதற்கு ஏதாவது பதில் செய்தாக வேண்டும் என்று இருந்தது. என்னிடம் கொடுக்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதைக் கொடுத்தேன்.

"இங்க பாரு, கேளு. ஒரு பொம்மையைத் தூக்கச் சொல்வாங்க. அதுக்கு முன்னாடி கோட்டைக் கழட்டச் சொல்வாங்க. யோசிக்காத. உடனே கழட்டிடு."

அவள் தலையைச் சாய்த்தாள். "நீங்க கழட்டினீங்களா?"

இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் நாடாவைச் சொல்ல வேண்டும். நாடாவைச் சொன்னால் அவள் கொடுத்ததை ஏன் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இத்தனையும் ஒரே நொடியில் ஓடியது.

"கழட்டினேன்" என்றேன்.

நெட்டையின் கண் கீழே இறங்கியது. நானும் குனிந்து பார்த்தேன். வலது அக்குளில் தையல் நான்கு விரற்கடை விட்டுப்போய், உள்துணி வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. கோட் பட்டன்கள் மூன்றும் போட்டபடி இருந்தன.

"கழட்டி வெச்ச கோட் எப்படிக்கா கிழிஞ்சுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்து அவளைக் கூப்பிட்டார்கள். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புதுசில்லை. ஒரு வாரமாக அந்தப் பார்வையோடுதான் நான் அலைந்திருக்கிறேன்.

"சத்தியமாச் சொல்றேன்டி, கழட்டிடு" என்று அவள் கையைப் பிடித்தேன்.

"சரிக்கா" என்றாள். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். பிறகு கோட்டின் இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சேர்த்து, மேல் பட்டனைப் போட்டாள், நடுப் பட்டனைப் போட்டாள், கடைசிப் பட்டனையும் போட்டாள். அந்த கிரீம் நிறம் கழுத்தில் ஒரு கோடாகச் சுருங்கியது. கதவைத் திறந்து உள்ளே போனாள்.

நான் போயிருக்கலாம். கீழே என் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. போகவில்லை. அவளும் கழட்டாமல் போனால் இரண்டு பேரும் சமம் என்று உள்ளே எங்கோ ஒரு மூலையில் ஓர் ஆறுதல் மெல்ல எட்டிப் பார்த்தது. என்மேலேயே எனக்குக் குமட்டியது. ஆனாலும் அந்த ஆறுதல் போகவில்லை.

கதவுக் கண்ணாடியில் பாதிக்குமேல் காகிதம் ஒட்டியிருந்தார்கள். மேலே மட்டும் ஒரு பட்டை தெளிவாக இருந்தது. எக்கிப் பார்த்தால் நெட்டையின் தலையும் தோளும் தெரிந்தன. பதினைந்து இருபது நிமிஷம் அந்தத் தோள் அசையாமல் இருந்தது. பிறகு எழுந்தது. தலைமை நர்ஸின் கை, கோட்டை மாட்டச் சொல்கிற மாதிரி நாற்காலி முதுகைக் காட்டியது. நெட்டை திரும்பிக் கதவைப் பார்த்தாள், நேராக நான் நிற்கிற இடத்தை. நான் கண்ணாடிக்கு வெளியே கையை உயர்த்தி, கோட்டைக் கழட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் பைத்தியக்காரி போல சைகை காட்டினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு பொம்மை இருக்கிற மூலைக்கு நடந்தாள். கறுப்புக் கோட் அவள் தோளில் அப்படியே இருந்தது. நான் தட்டுவதற்காக விரலை மடக்கிக் கதவுவரை கொண்டுபோய், அங்கேயே வைத்துக்கொண்டு நின்றேன்.