மீதிப் புயல்

புயல் போய் மூன்று வருடமாகியும் அதன் கண் மட்டும் எஸ்மி வீட்டு முற்றத்தை விட்டுப் போகவில்லை. வேலிக்கு வெளியே கரியகூ தீவின் காற்று எப்போதும்போல் கிழக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது, மழைக்காலத்தில் மழையும் பெய்தது. வேலிக்கு உள்ளே இலை அசையாது, துளி விழாது. தலைக்கு மேலே முற்றத்தின் அளவுக்கு வட்டமாக நீல வானம் நின்றது. புயலோடு எங்கிருந்தோ அடித்துவரப்பட்ட ஏழு கடற்பறவைகள், கத்தரிபோல் பிளந்த வாலுள்ளவை, வெளியேற வழி தெரியாமல் அந்த வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டே இருந்தன. வாசற்படலைத் திறந்து உள்ளே காலை வைத்தால் காது அடைத்துக்கொள்ளும், எச்சில் விழுங்கினால் சரியாகும். எஸ்மி துணி துவைத்துத் தன் கொடியில் போட்டால் இரண்டு நாளானாலும் ஈரம் போகாது. அதனால் ஈரத்துணியை வாளியில் சுமந்துகொண்டு நாத்தனார் டெல்மா வீட்டுக் கொடிக்குப் போவாள். முதல் மாதம் ஊரே வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு அவரவர் வீட்டுக்கே கூரை இல்லை என்பது நினைவுக்கு வந்து கலைந்துபோனது.

புயல் அடித்த அந்த ஜூலை மாதத் திங்கட்கிழமை பெல் ஆன்ஸ் ஊரில் நானூறு வீடுகளில் கூரையோடு மிஞ்சியவை பதினொன்று. காலையில் வடக்கிலிருந்து காற்று வந்தது. மாதா கோயிலின் மணி முதலில் போனது. பிறகு பள்ளிக்கூடம், பிறகு எல்லாம். பதினொரு மணிக்கு மேல் திடீரென்று சத்தம் நின்று வெயில் அடித்தது. கண் வந்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரியும். கண் போனதும் காற்று எதிர்த்திசையில், தெற்கிலிருந்து வரும் என்பதும் தெரியும். படகுக்காரர் ஊரில் இதைப் பால்குடி மறக்காத பிள்ளைகூடச் சொல்லும். புயல் அறிவிப்பு வந்தால் படகுகளைச் சதுப்பு ஓடைக்குள் இழுத்துப்போய், அலையாத்தி மரங்களின் வேர்களில் காற்று வரும் பக்கம் பார்த்துக் கட்டிவைப்பது எங்கள் வழக்கம். வடக்குக் காற்றுக்குக் கட்டிய கயிறு தெற்குக் காற்றுக்கு உதவாது. ஆகவே கண் நிற்கும் நேரத்தில் ஓடிப்போய்க் கயிற்றை மாற்றிக் கட்ட வேண்டும். வேறெங்கும் மனிதர்கள் கண் வந்தால் வீட்டுக்குள் இருப்பார்கள், நாங்கள் வெளியே ஓடுவோம். முன்பு ஒரு புயலில் கண் ஒரு மணி நேரம் நின்றது. இந்த முறையும் அப்படித்தான் என்று நினைத்தவர்கள் ஐந்து பேர். நால்வர் திரும்பி வந்தார்கள். வராதவர் எஸ்மியின் புருஷன் க்ளோவிஸ். இருபத்து மூன்றே நிமிடத்தில் தெற்குக் காற்று வந்துவிட்டது. படகின் ஒரு பலகையும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை.

எஸ்மி அப்போது முற்றத்தில் கரியடுப்பை மூட்டி, முதல் நாள் மாவுருண்டை போட்டு வைத்த துவரை சூப்பைச் சூடாக்கி இறக்கியிருந்தாள். க்ளோவிஸுக்குச் சாப்பாடு ஆறக் கூடாது. ஆறிய சூப்பை வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற ஆள், அதற்காக இருபத்தாறு வருடம் திட்டு வாங்கியவர். தெற்கே மரங்கள் முறியும் சத்தம் கேட்டதும் எஸ்மி படலைப் பிடித்துக்கொண்டு, அவர் வருகிற வரைக்கும் நில்லு, என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுத் தச்சர் ஆல்ட்வினின் சமையலறை முழுசாகப் பறந்து போனது. இந்தப் பக்கம் சூப்பின் ஆவி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. அன்று நின்றதுதான். கூரையின் வடக்குப் பாதி தகரத்தை முதல் காற்று கொண்டுபோயிருந்தது, தெற்குப் பாதி அப்படியே இருந்தது. முற்றத்துச் சீமைப்பலா மரமும் அப்படியே, வடக்கே மொட்டை, தெற்கே பச்சைப் பசேல் என்று காயோடு நின்றது. தீவு முழுக்க மரங்கள் நெருப்பில் வெந்தவைபோல் கறுத்து நின்ற அந்த நாட்களில் எங்கள் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்தது அந்தப் பாதி மரம் மட்டும்தான். சூப்பு மூன்று வருடமும் ஆறவில்லை. எஸ்மி அதை யாரையும் தொடவிடவில்லை, தானும் தொடவில்லை.

நாங்கள் எழுந்து நின்ற கதையைச் சொன்னால் நீளும், எழுந்தோம் என்பதுதான் விஷயம். முதலில் புதைத்தோம். பிறகு குடிதண்ணீர்த் தொட்டிகளில் புகுந்த கடல்நீரை இறைத்தோம். நீலத் தார்ப்பாய் வந்தது, நிவாரண அரிசி வந்தது, பெரிய ஆட்கள் வந்து படமெடுத்துக்கொண்டு போனார்கள். பதினான்கு மாதம் மின்சாரம் இல்லை. வீட்டு வேலையை மட்டும் நாங்களே, எங்கள் வழக்கப்படி மரூன் வைத்துச் செய்தோம். சனிக்கிழமைக்கு ஒரு வீடு, ஊரே கூடும், ஆண்கள் ஆணியடிப்பார்கள், பெண்கள் விறகடுப்பில் சோளக்களி உருட்டுவார்கள், மாலைக்குள் கூரை ஏறிவிடும். எஸ்மியின் முறை மூன்று தடவை வந்து மூன்று தடவையும் தள்ளிப்போனது. ஆல்ட்வின் ஏணியோடு வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, தலையைச் சொறிந்தார். “பாதிப் புயல் இன்னும் பாக்கி இருக்கு, இதுக்கு எந்தக் கிறுக்கன் கூரை போடுவான்? நான் இன்னிக்கி அடிச்சா அது நாளைக்கிப் பிடுங்கும். பிடுங்கி எங்க போடும்? வடக்க. வடக்க யாரு இருக்கா? நான் இருக்கேன்,” என்றார். நியாயம்தான். சேதம் கணக்கெடுக்க அரசாங்கத்திலிருந்து வந்த பெண்ணும் காதைப் பொத்திக்கொண்டு முற்றத்தில் நின்றாள். முழுச் சேதமா, பாதிச் சேதமா என்று கேட்டு எழுதியவள், புயல் முடிந்த தேதி என்ற இடத்தில் பேனாவைக் கடித்தாள். இன்னும் முடியலம்மா, என்றாள் எஸ்மி. ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்று எழுதிக்கொண்டு போனவள் திரும்பி வரவே இல்லை.

இந்த நிலைமை இப்படியே போயிருக்கும். ஆனால் க்ளோவிஸ் கனவில் வர ஆரம்பித்தார். எங்கள் தீவில் செத்தவர்கள் கனவில் வந்து சாப்பாடு கேட்பது சாதாரணம். கேட்டால் சமைத்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்துத் தனித் தட்டு வைக்க வேண்டும். அந்தத் தட்டை விடியும்வரை யாரும் தொடக் கூடாது. கடைசியில் ஒரு நாள் கல்லறைக் கல் நட்டு, பறையடித்து விருந்து வைத்தால் அவர்கள் அமைதியாகப் போய்விடுவார்கள். கல் நடும்வரை அவர்கள் பாதி இங்கேதான். டெல்மா தன் அண்ணனுக்காக மூன்று தடவை சமைத்து வைத்தாள், மூன்று தடவையும் எறும்புதான் தின்றது. கனவில் அவர் உட்காரவே மாட்டேன் என்றார். இடுப்பளவு ஈரம், கையில் கயிற்றுச் சுருள், பசிக்கிறது என்பார், ஆனால் தட்டைப் பார்க்காமல், காற்று எந்தப் பக்கம் திரும்பியது என்று கேட்பார். பிறகு ஆல்ட்வின் கனவில் வந்து அதையே கேட்டார். கடைக்காரர் கனவில் கேட்டார். அவரை உயிரோடு பார்த்தே இராத புதுப் பள்ளிக்கூட டீச்சர் காலையில் வந்து, நெற்றியில் தழும்போடு ஒருவர் கயிறு வைத்துக்கொண்டு நிற்கிறாரே யார், என்று விசாரித்தார். ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லார் தூக்கமும் கெட்டது. எஸ்மியின் கனவில் மட்டும் அவர் வரவில்லை. அவளுக்கு அவர் இன்னும் சாகவில்லையே, கயிறு கட்டத்தானே போயிருக்கிறார்.

ஒரு காலை டெல்மா வேலியோரம் வந்து நின்றாள். அவள் பாவாடை காற்றில் படபடவென்று அடித்தது. உள்ளே ஓரடி தள்ளி நின்ற எஸ்மியின் பாவாடை அசையவில்லை.

“அண்ணி, உங்க கனவுல அண்ணன் வர்றாரா இல்லியா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க.”

எஸ்மி சூப்புப் பானையின் பக்கம் திரும்பினாள்.

“வர மாட்டாரு. நீங்கதான் அவர அந்த ஓடையிலயே நிக்க வச்சிருக்கீங்களே. காத்து திரும்பினாத்தான அவரு கயித்தக் கட்டி முடிப்பாரு? மூணு வருஷமா அந்த மனுஷன் தண்ணிக்குள்ள நிக்கிறாரு. இங்க நீங்க சூப்புக்குக் காவல் இருக்கீங்க. நல்ல குடும்பம் நடத்துறீங்க, போங்க!”

சொன்ன வாய் மூடுவதற்குள் டெல்மாவுக்கே அழுகை வந்துவிட்டது. எஸ்மி படல்மேல் கையை வைத்துக்கொண்டு, மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

“நான்தான் போகச் சொன்னேன் டெல்மா. அவரு படியில உக்காந்து, போனாப் போவுது விடு, படகுதானன்னாரு. எட்டு வருஷம் ராப்பகலாக் கட்டின படகு, எந்திரிச்சுப் போ, சோம்பேறின்னு நான்தான் வெரட்டினேன். சூப்பு ஆறுறதுக்குள்ள வந்துருன்னேன்.”

“தெரியும்.”

“என்னா தெரியும்?”

“கனவுல சொன்னாரு. உங்களத் திட்டல அண்ணி. சூப்பு ஆறிப்போயிருமே, அவ கத்துவாளேன்னுதான் பயப்படுறாரு.”

எஸ்மி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அன்று அவள் அழுததை வேலிக்கு வெளியே நின்ற நாங்கள் எல்லாரும் கேட்டோம். அழட்டும் என்று யாரும் உள்ளே போகவில்லை, எங்களுக்கும் அழுவதற்கு இருந்தது.

மீதிப் புயலை வரவிட எஸ்மி ஒப்புக்கொண்டாள், மே மாதத்தில் அதற்கு நாள் குறித்தோம். ஜூன் பிறந்தால் புதுப் புயல்கள் கிளம்பிவிடும், ஓர் ஊருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேண்டாம் என்று ஆல்ட்வின் சொன்னார். முந்தின நாளே தன் வீட்டுச் சாமான்களையும் பெண்டாட்டி பிள்ளைகளையும் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். காலையில் ஒவ்வொரு படகிலிருந்தும் கயிறு வந்தது. தெற்குக் காற்றுக்கு ஒரு படகை எப்படிக் கட்டுவாரோ அப்படி ஆல்ட்வின் எஸ்மியின் வீட்டைக் கயிறுகளால் கட்டினார், முதல் காற்றுக்காக வடக்கே போட்டிருந்த பழைய கட்டுகளை அவிழ்த்துத் தெற்கு மூலைகளுக்கு மாற்றி, முளையடித்து, முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டு. க்ளோவிஸ் அன்று செய்யப்போன வேலை அதுதான் என்பது எல்லாருக்கும் புரிந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கயிற்றுக்கு ஆறு பேராக எண்பத்து நாலு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முற்றத்துத் தரையில் குப்புறப் படுத்தோம். பதினொன்றே முக்கால் மணிக்கு ஆல்ட்வின், “தங்கச்சி, இனி உன் பாடு,” என்றார். எஸ்மி சூப்புப் பானையின் மூடியை எடுத்தாள். கரண்டியில் கொஞ்சம் மொண்டு உதட்டருகே கொண்டுபோய், ஆற்றிக் கொடுப்பதுபோல் ஊதினாள். அந்த முற்றத்தில் மூன்று வருடத்தில் வந்த முதல் காற்று அவள் வாயிலிருந்து வந்தது. கரண்டியில் ஆவி கலைந்தது. இரண்டாம் தடவை ஊதினாள், சீமைப்பலாவின் ஓர் இலை திரும்பியது. மூன்றாவது தடவை அவள் ஊத வேண்டியிருக்கவில்லை.

இரண்டு மணி ஐம்பது நிமிடம் அடித்தது. வேலிக்கு வெளியே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. உள்ளே எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர் கத்திய ஜெபம் எனக்கே கேட்கவில்லை. கூரையின் மீதித் தகரம் எல்லாம் போனது, ஒவ்வொரு தகடும் ஆல்ட்வின் வீட்டுப் பக்கம் பறந்து, வேலி வந்ததும் செங்குத்தாக விழுந்தது. சீமைப்பலாவின் தெற்குப் பாதியும் மொட்டையானது. உள்ளங்கைத் தோல் உரிந்தது, யாரும் கயிற்றை விடவில்லை. சுவர்கள் நின்றன. கடைசியில் மழை கொட்டித் தொட்டி நிறைந்தது. நிமிர்ந்து பார்த்தபோது ஏழு பறவைகளும் மேற்கே போய்க்கொண்டிருந்தன. எஸ்மி மேசைக்கடியில் பானையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தாள். சூப்பு சில்லென்று ஆறிப்போயிருந்தது.

அடுத்த சனிக்கிழமை மரூன் அவள் வீட்டில், அன்று மாலையே கூரை ஏறியது. அதற்கடுத்த வாரம் ஜூலைத் தேதி பொறித்து க்ளோவிஸுக்குக் கல் நட்டோம். மண்ணில் ரம் ஊற்றினோம், ஆட்டுத்தோல் பறை அடித்தோம், ஊர் முழுக்கச் சாப்பிட்டது. அவருடைய தட்டில் கோழியும் மீனும் சோளக்களியும் வைக்க டெல்மா தயாராக நின்றாள். எஸ்மி அதெல்லாம் வேண்டாம் என்று அந்தச் சூப்பையே ஊற்றினாள். சூடாவது பண்ணுங்க அண்ணி, என்றாள் டெல்மா. எஸ்மி கேட்கவில்லை, அப்படியே வைத்து அறைக்கதவைச் சாத்தினாள். விடிந்ததும் எங்கள் முன்னால்தான் திறந்தார்கள். நாற்காலி நனைந்திருந்தது, அதன் கீழே ஓடைச் சேறு. மேசைமேல் ஒரு கயிறு, ஒழுங்காகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஆறிய சூப்பை ஆயுசில் வாயில் வைக்காத மனுஷன் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

கயிற்றை ஆல்ட்வின் எடுத்துப்போனார், நல்ல கயிறு. அதன் பிறகு ஊரில் யார் கனவிலும் அவர் வரவில்லை, எஸ்மியின் கனவிலும்கூட. எஸ்மி நாற்காலியைத் துடைத்து, சேற்றைத் துடைத்து, துணியைப் பிழிந்து தன் முற்றத்துக் கொடியில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றாள். பத்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது.