காலியாக விட்ட கட்டங்கள்

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலையின் உள் தொலைபேசி எண்கள் அத்தனையும் மாறப்போகின்றன. அறுபது எண் இருந்த இடத்தில் நூற்று நாற்பது. பழைய அறுபதும் டெலிபோன் ஆபரேட்டர் பாஞ்சாலிக்கு மனப்பாடம். அவளுக்குப் பார்வை கிடையாது. புதிய நூற்று நாற்பதை இரண்டு நாளில் உருப்போட அவள் என்ன இயந்திரமா?

"ஒரு கம்ப்ளைன்ட் வந்தாலும் உன்ன பேக்கிங்குக்கு மாத்திடுவேன்மா, கோச்சுக்காத," என்று பர்சனல் மேனேஜர் அண்ணாதுரை சொல்லிவிட்டார். பேக்கிங்கில் நாலு நாள் சும்மா உட்கார வைப்பார்கள், ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்புவார்கள். அது இருவருக்குமே தெரியும்.

சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் பிரிவு ரகுபதி மூச்சிரைக்க ஓடி வந்தான். எண்களின் பட்டியல் அவனுடைய கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

"பாஞ்சாலிம்மா, இத்த தொட்டுப் பாரு!"

தடித்த அட்டைத்தாள். பிரின்டரின் மை ரிப்பனைக் கழற்றிவிட்டு, வெறும் முற்றுப்புள்ளிகளாலேயே தொட்டுப் படிக்கும் பிரெயில் எழுத்துகளைக் குத்தியிருந்தான். விரலை வைத்தவள் சிரித்துவிட்டாள்.

"இன்னா சார், எல்லாம் இடம் வலம் மாறிக்கீது? முன்னாடி குத்தினா பின்னாடிதானே பொடைக்கும். எழுத்த எடம் வலமா திருப்பிப் போட்டு அடிங்க."

தலையில் அடித்துக்கொண்டு ஓடினான். ஒரு மணி நேரத்தில் அடுத்த தாள் வந்தது. டூல் ரூம். நாகப்பன். 214. பாஞ்சாலி மறுபடி ஒருமுறை தொட்டுப் படித்தாள். வேலைக்குச் சேர்ந்த ஒன்றரை வருடத்தில் இந்தத் தொழிற்சாலையின் காகிதம் ஒன்று அவளோடு பேசியது அன்றுதான். ஆனால் இரண்டாவது வரியில் விரல் நின்றுவிட்டது.

"இங்க இன்னா வுட்டுட்டீங்க? கண்ணப்பன்னு பேர் கீது, எந்த டிபார்ட்மென்ட்னு இல்லியே?"

"வுடலம்மா. அவரும் டூல் ரூம்தான். மேல எழுதிட்டா கீழ காலியா வுட்டுடுவோம். பாக்க நீட்டா இருக்கும்."

"பாக்கிறவங்களுக்கு! நான் ஒவ்வொரு காலியா மேல ஏறிப்போய் டிபார்ட்மென்ட்டக் கண்டுபிடிக்கறதுக்குள்ள, போன் பண்ணவரு ஷிப்ட் முடிஞ்சி வூட்டுக்கே போயிடுவாரு சார்."

ரகுபதி தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டான். பிறகு போய் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பி, எல்லாத் தாளையும் அடித்துக் கொண்டுவந்தான். எல்லோருக்கும் இப்படியே கொடுக்கலாமே என்று அண்ணாதுரையிடம் கேட்டும் பார்த்தான்.

"ஒரே வார்த்தையே இருபது தடவ வந்தா அசிங்கமா இருக்கு. அந்தப் பொண்ணுக்கு மட்டும் குடு. மத்தவங்களுக்கு நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். காலிக் கட்டங்களோடு இருந்த புதிய எண் பட்டியலை எடுத்து, பெயர்களை அகரவரிசைப்படுத்தும் கட்டளையைத் தன் கையாலேயே தட்டினார். கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்தது. பெயர்கள் இடம் மாறின, காலிக் கட்டங்களும் கூடவே மாறின. யாருக்கு மேல் எந்தப் பிரிவின் பெயர் வந்து உட்கார்ந்ததோ, அதுவே அவருடைய பிரிவானது. பார்க்க வெகு அழகாக இருந்தது. அன்றைக்கே எல்லா மேசைக்கும் போய்விட்டது.

திங்கட்கிழமை ஆறரைக்கெல்லாம் ரகளை. ஸ்டோர்ஸுக்குப் போன் போட்டால் கேன்டீன் பகலவன் எடுக்கிறான். "நட்டு போல்ட்டு இன்னைக்கு இல்ல சார், பொங்கல்தான் கீது!" கடைசியில் எல்லோரும் ஆபரேட்டரையே கூப்பிட்டார்கள். பாஞ்சாலியின் இடது கை தாளில் ஓடியது, வலது கை இணைப்பு கொடுக்கும் போர்டில் ஓடியது. பெயின்ட் ஷாப்பா, இதோ. மெயின்டனன்ஸா, இதோ. ஒன்றுகூடத் தப்பவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

ஏழரைக்கு அண்ணாதுரையின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் போர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"கம்ப்ளைன்ட் வந்துதா சார்?"

"நாப்பது," என்றார். "எல்லாம் என் லிஸ்ட் மேலதான். பேக்கிங்குக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்மா. இப்போ உன் லிஸ்ட்டக் குடு, ஜெராக்ஸ் போட்டு எல்லாருக்கும் அனுப்பணும். ரகுபதி ஒன்பதுக்குத்தான் வருவான், கம்ப்யூட்டர் ரூம் சாவி அவன்கிட்ட."

தாள்களை நீட்டினாள். அவர் முன்னும் பின்னும் புரட்டுவது கேட்டது.

"என்னம்மா, வெள்ளையா இருக்கு! ஒண்ணுமே தெரியலையே?"

"உங்களுக்குத் தெரியாது சார்," என்றாள் பாஞ்சாலி. "உக்காருங்க. நான் படிச்சி சொல்றேன், நீங்க எழுதிக்குங்க."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவள் படித்தாள், அவர் எழுதினார். நடுவில் போன் அடித்தபோதெல்லாம் மேனேஜர் பேனாவும் கையுமாகக் காத்திருந்தார்.